நக்சோஸ் தீவின் ஸாஸ் மலை: வன்னியிலிருந்து செல்வோருக்கான ஒரு நாள் நடைத் திட்டம்

பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் வாழும் பிள்ளைகளிடமோ சகோதரங்களிடமோ கோடை விடுமுறைக்குச் செல்லும் வன்னிக் குடும்பங்களில் சில, அங்கிருந்து கிரேக்கத் தீவுகளையும் பார்த்து வருகின்றன. கடற்கரையோடு நின்றுவிடாமல் ஒரு நாளை மலைக்கு ஒதுக்க விரும்புவோருக்கு, ஏஜியன் கடலில் உள்ள நக்சோஸ் தீவின் ஸாஸ் மலையையே நான் முதலில் சொல்வேன். ஏறத்தாழ 1000 மீற்றர் உயரமுள்ள இது, சைக்கிலேட்ஸ் தீவுக்கூட்டத்தின் மிக உயர்ந்த சிகரம். கயிறோ மலையேறும் கருவிகளோ தேவையில்லை. ஆனால் மேற்பகுதி முழுவதும் வெறும் சுண்ணக்கல்லும் சலவைக்கல்லும்தான். மலையே இல்லாத நிலத்தில் வளர்ந்த கால்கள் அதற்கு முன்கூட்டியே ஆயத்தமாக வேண்டும்.

முதலில் மாதத்தைத் தெரிவு செய்யுங்கள். ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரையும், பின்னர் செப்டெம்பர் கடைசியிலிருந்து ஒக்டோபர் வரையும் நல்ல காலம். பள்ளி விடுமுறை காரணமாக ஜூலை, ஓகஸ்டில்தான் போக முடியும் என்றால், விடியும்போதே நடக்கத் தொடங்கி, முற்பகலிலேயே இறங்கிவிட முடிந்தால் மட்டும் போங்கள். ஓகஸ்ட் 15ஆம் திகதியை ஒட்டி அடிவாரக் கிராமமான பிலோட்டியில் மாதா திருவிழா நடைபெறுவதால், அந்த நாட்களில் வீதியிலும் பேருந்திலும் கூட்டம் இருக்கும்.

எங்கள் வெயிலைக் கண்டவர்களுக்கு இந்த வெயில் என்ன செய்துவிடும் என்ற எண்ணத்தை வவுனியாவிலேயே விட்டுச் செல்ல வேண்டும். இங்கே பன்னிரண்டு மணி கழிந்த சில நிமிடங்களில் சூரியன் உச்சிக்கு வருகிறது. கிரேக்கத்தில் கோடைகால நேரக்கணக்கின்படி அது பகல் ஒன்றேகால் மணிக்குப் பின்னரே உச்சிக்கு வரும். ஆகவே, இரண்டு மணிக்குப் பிறகு வெயில் தாழ்ந்துவிடும் என்று நினைத்து மதியம் புறப்படுபவர், கடுமையான வெப்பத்தின் நடுவிலேயே ஏறிக்கொண்டிருப்பார். பாலையும் வீரையும் முதிரையும் நிழல் தரும் எங்கள் காட்டுப்பாதைகளைப் போல அங்கே நிழலும் கிடையாது. அடிவாரத்தைத் தாண்டினால் முழங்கால் உயரப் புதர்கள் மட்டுமே உண்டு.

அதைவிடக் கவனிக்க வேண்டியது காற்று. ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் ஏஜியன் கடலெங்கும் மெல்தெமி என்னும் வடகாற்று வீசும். நாங்கள் சோளகத்தை எதிர்பார்க்கும் மாதங்களில் வாடை வீசினால் எப்படியோ, அப்படியான காற்று அது. வானம் துப்பரவாக இருக்கும்போதே நாட்கணக்கில் பலமாக வீசும். வன்னியில் வேலை செய்யும்போது சட்டை நனைந்து முதுகில் ஒட்டுவதைக் கண்டுதான் தண்ணீர் குடிக்கிறோம். அந்த வரண்ட காற்றில் வியர்வை உடனுக்குடன் காய்ந்துவிடுவதால், உடலில் எவ்வளவு நீர் குறைந்தது என்பதைச் சட்டை சொல்லாது. தாகத்தையும் நம்பாமல் மணிக்கூட்டைப் பார்த்து, கால் மணிக்கு ஒருமுறை சில மிடறுகள் குடியுங்கள். வளர்ந்தவர் ஒருவருக்குக் கோடையில் மூன்று லீற்றர், வசந்தத்தில் இரண்டு லீற்றர் என்று தண்ணீரை முழுவதுமாகக் கிராமத்திலேயே நிரப்பிக்கொள்ள வேண்டும். மேலே கடை இல்லை. ஊரிலிருந்து ஜீவனிப் பக்கற்றுகள் சிலவற்றைக் கொண்டுபோனால், பொதியில் குறித்த அளவு தண்ணீரில் கரைத்து ஒரு போத்தலைத் தனியே வைத்துக்கொள்ளலாம். மெல்தெமி பலமாக வீசும் என்று வானிலை அறிக்கை சொன்னால் அன்றைய நடையைத் தள்ளிப்போடுங்கள். சிகரத்தை அடுத்த விளிம்பில் நிற்பவரை அந்தக் காற்று நிலைகுலையச் செய்யும்.

மலைக்கு இரண்டு வழிகள் உண்டு. தீவின் தலைநகரான கோராவிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தொலைவில் பிலோட்டி உள்ளது, பேருந்தில் போகலாம். அங்கிருந்து தனாகோஸ் கிராமத்துக்குச் செல்லும் வீதியில் அயியா மரினா என்ற சிறு தேவாலயம் இருக்கிறது. அங்கே தொடங்கும் பாதை ஓரளவு சீரான ஏற்றம் உடையது. ஏறத்தாழ 400 மீற்றர் ஏறினால் உச்சி. இரண்டு மணித்தியாலங்களை ஒதுக்கினால் ஆறுதலாகப் போகலாம். வழியில், கால்நடைகளைக் காக்கும் சீயஸ் கடவுளின் எல்லை இது என்று பண்டைய கிரேக்க எழுத்தில் வெட்டப்பட்ட கல்வெட்டு ஒரு பாறையில் உண்டு. நின்று பார்க்க வேண்டிய இடம். மற்றைய வழி, அரியா நீரூற்றிலிருந்து ஸாஸ் குகையைத் தாண்டிச் செங்குத்தாக ஏறுகிறது. புதிய கற்கால மனிதர் பயன்படுத்திய அந்தக் குகை பார்க்கத் தகுந்ததே. ஆனால் அதற்கு மேல் பாதை உதிரிக் கற்களால் ஆனது; அதில் ஏறுவதைவிட இறங்குவது கடினம். முதல் தடவை செல்பவர்கள் அயியா மரினா வழியாகவே ஏறி அதே வழியாக இறங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. குகையை வேறொரு நாள் தனியாகப் பார்க்கலாம்.

பாதையைக் கற்குவியல்களும் பாறையில் பூசிய நிற அடையாளங்களும் காட்டும். அடுத்த அடையாளம் கண்ணுக்குத் தெரியும்வரை இருக்கும் இடத்தைவிட்டு நகராதீர்கள். பக்கவாட்டில் பிரியும் தெளிவான தடங்களில் பெரும்பாலானவை ஆடுகள் போட்டவை. அவை மேய்ச்சலுக்குத்தான் போகின்றன, உச்சிக்கு அல்ல. வழியில் வேலிப்படலை இருந்தால், திறந்து கடந்த பின் மறக்காமல் பூட்டிவிடுங்கள். பட்டி வைத்திருக்கும் எங்கள் ஆட்களுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

காலுக்குச் செருப்பு உதவாது. பிடிப்புள்ள தடித்த அடியுடைய சப்பாத்தை ஊரிலேயே வாங்கி, பயணத்துக்கு முந்திய வாரங்களில் அணிந்து பழக வேண்டும். இரணைமடு போன்ற பெரிய குளத்தின் கட்டில் நெடுகிலும் நடப்பது மூச்சுக்கு நல்லது; ஆனால் முழங்காலைப் பழக்குவது கட்டின் சரிவில் திரும்பத் திரும்ப ஏறி இறங்கும் பயிற்சியே. மழையில் அரிக்கப்பட்ட பாறையின் விளிம்புகள் கூர்மையானவை. கை ஊன்றினால் தோலைக் கிழிக்கும். ஒவ்வொரு கல்லையும் பாதத்தால் மெதுவாக அழுத்தி, அது ஆடாது என்று கண்ட பின்னரே முழுப் பாரத்தையும் வையுங்கள். பச்சை மெத்தை போல உருண்டு கிடக்கும் சிறு புதர்கள் உள்ளுக்குள் முழுவதும் முள். அவற்றின்மேல் இருக்கவோ பிடிக்கவோ கூடாது. இதற்காகவே நீளக் காற்சட்டை அவசியம்.

அகன்ற தொப்பி, காற்றைத் தடுக்கும் மெல்லிய மேலங்கி, இணைய இணைப்பின்றிப் பார்க்கக்கூடிய வரைபடம் பதிந்த கைத்தொலைபேசி, சிறிய ரோச் லைற் ஆகியன பையில் இருக்கட்டும். சாப்பாட்டுக்குப் பாண், பாற்கட்டி, பேரீச்சம்பழம், வீட்டில் பிடித்த எள்ளுருண்டை போதும். செங்கன் விசாவுக்காக எடுக்கும் 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி, மலையிலிருந்து மீட்டு எடுக்கும் செலவையும் உள்ளடக்குகிறதா என்று புறப்படுமுன் கேட்டு அறியுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் அவசர அழைப்பு இலக்கம் 112. தங்குமிடத்தில் உள்ளவர்களிடம் எந்த வழியாகப் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

திரும்பும் நேரத்தைப் புறப்படும்போதே தீர்மானிக்க வேண்டும். காலை ஏழு மணிக்கு அயியா மரினாவில் தொடங்கினால், பத்து மணிக்கு எங்கே நின்றாலும் திரும்புவது என்று எல்லோரும் ஒத்துக்கொள்ளுங்கள். உச்சியில், மேற்கே பாரோஸ் தீவையும் தெற்கே சிறு தீவுகளையும் பார்த்தபடி அரை மணி நேரம் இருந்து சாப்பிடலாம். காற்றுக்கு மறைவான பாறையின் பக்கமாக இருங்கள். இறங்கும்போது முழங்கால் களைத்திருக்கும் என்பதால், ஏற எடுத்த அளவு நேரத்தையே இறங்கவும் ஒதுக்குங்கள். பிலோட்டியிலிருந்து கோராவுக்குத் திரும்பும் பேருந்துகளின் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால், அதை முதல் நாளே பேருந்து நிலையத்தில் கேட்டு எழுதிக்கொண்டு, வாடகை வண்டிச் சாரதி ஒருவரின் இலக்கத்தையும் கையில் வைத்திருங்கள்.