மண் பிடித்துக்கொள்ளும் என்று நம்பி விட்டுவிடாதீர்கள்

ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் எங்கள் வீட்டுக் குத்துவிளக்கை வியாழக்கிழமை இரவே புளி போட்டுத் தேய்த்துவிடுவோம். எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் போகாத கறை, புளி பட்டதும் கரைந்து வழியும். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் செம்பைக் கவ்வித் தண்ணீருக்குள் இழுத்துவருகிறது. கதிரியக்கக் கழிவிலுள்ள பல உலோகங்களையும் கரிமப் பொருள்கள் இப்படித்தான் இழுத்துப்போகின்றன.

ஜோகன்னஸ்பர்க்கைச் சுற்றி நிற்கும் சுரங்க மண்மேடுகளில், தங்கம் எடுத்தபின் எஞ்சிய யுரேனியம் இருக்கிறது. 2002-இல் க்ரூகர்ஸ்டார்ப் பக்கம் பழைய சுரங்கங்களிலிருந்து அமில நீர் வெளியே வழியத் தொடங்கியது. ஆகவே இது நம் வாசலுக்கு வந்துவிட்ட விஷயம்.

பெரிய தவறு, "உலோகம் மண்ணில் ஒட்டிக்கொள்ளும், நகராது" என்று கணக்குப் போடுவது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் அணு ஆய்வு மையத்தில் கழிவைப் புதைத்த குழிகளிலிருந்து கோபால்ட்-60 என்ற கதிரியக்க உலோகம் வெளியேறியது. அதைச் சுமந்துபோனது இடிடிஏ, அதாவது அணுக்கூடங்களில் கதிரியக்கக் கறை கழுவும் வேதிப்பொருள் என்று 1978-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். நுண்ணுயிர்கள் இடிடிஏயை எளிதில் தின்று தீர்ப்பதில்லை. மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடு அந்தக் கோபால்ட்டைப் பிடித்து நிறுத்தும் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் அது கோபால்ட்டை ஆக்சிஜனேற்றம் செய்துவிடுகிறது. இடிடிஏயின் பிடி முன்னைவிடப் பல மடங்கு இறுகுகிறது. எனக்கு இன்றும் வியப்பாக இருப்பது இந்த இடம்தான்.

சரி, கரிமப் பொருள் எல்லாமே ஆபத்தா? அப்படி நினைப்பதும் தவறு. மட்கி மண்ணோடு மண்ணாகக் கிடக்கும் பொருள் யுரேனியத்தைப் பிடித்துவைக்கும்; அதே மட்கு நீரில் கரைந்தால் சுமந்துபோகும். அமெரிக்காவின் கொலராடோவில், பழைய யுரேனிய ஆலை இருந்த ரைஃபில் ஊரின் நிலத்தடி நீரில் அசிட்டேட்டை, அதாவது வினிகர் அமிலத்தின் உப்பைச் செலுத்தினார்கள். அதைத் தின்ற நுண்ணுயிர்கள், கரைந்திருந்த யுரேனியத்தைக் கரையாத வடிவுக்கு மாற்றின. ஆக்சிஜன் திரும்பி வந்தால் அது மறுபடியும் கரையக்கூடும்.

எல்லா உலோகத்தையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். சீசியம்-137 இடிடிஏயை ஏறக்குறையச் சட்டையே செய்யாது. களிமண்தான் அதைப் பிடிக்கும்.

அப்புறம், பலரும் மறப்பது கழிவோடு போகும் காகிதமும் பருத்தித் துணியும். சிமென்ட்டோடு சேர்ந்து புதைந்தால், சிமென்ட்டின் காரத்தன்மையில் அவற்றிலுள்ள செல்லுலோஸ் நார் சிதைந்து ஐசோசாக்கரினிக் அமிலமாகிறது. புளோட்டோனியத்தையும் தோரியத்தையும் அது கரைசலில் வைத்திருக்கும்.

சுரங்க மண்மேட்டுக்குப் பக்கத்தில் போர்வெல் தண்ணீர் எடுப்பவர்கள் அதைக் கொதிக்கவைத்தால் போதும் என்று இருக்காதீர்கள். யுரேனியம் ஆவியாகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். ஆய்வகத்துக்கு அனுப்பும்போது யுரேனிய அளவோடு அமிலத்தன்மை, பைகார்பனேட், கரைந்த கரிமக் கார்பன் மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள்.