ரயில்வே யார்டுப் பணியில் புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விழுப்புரம்–மயிலாடுதுறைப் பாதையுடன் விருத்தாசலம் பாதை வந்து சேரும் கடலூர் துறைமுகம் சந்திப்பு போன்ற நிலையங்களின் யார்டில், அதாவது பெட்டிகளைச் சேர்த்துப் பிரித்து நிறுத்திவைக்கும் இடத்தில், பாயிண்ட்ஸ்மேனாக (தண்டவாளத்தின் பாதை மாற்றியான பாயிண்டை இயக்கி, பெட்டிகளை இணைத்துப் பிரிக்கும் ஊழியராக) சேருபவர்கள், பயிற்சி வகுப்பில் விதிகளைத் தெளிவாகவே கற்றுவருகிறார்கள். ஆனால் மூத்த ஊழியர் ஒருவர் அவசரத்தில் செய்வதைக் கண்டு, அதுவே நடைமுறை என்று நம்பிவிடுகிறார்கள்.

உயிரைப் பறிக்கும் தவறு, பெட்டி முழுவதும் நிற்பதற்கு முன்பே பெட்டிகளை இணைக்கும் கொக்கியான கப்ளிங்கை மாட்ட நடுவே புகுவதாகும். ஷன்டிங்கின்போது (யார்டுக்குள் பெட்டிகளை இடம் மாற்றும்போது) வேகம் பொதுவாக மணிக்கு 15 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்பதால் ஆபத்தும் குறைவு என்று தோன்றும். ஆனால் பெட்டிகளின் முனையில் மோதலைத் தாங்கும் இரண்டு பஃபர்களுக்கு இடையே அகப்பட்ட உடலை நசுக்க நடைவேகமே போதும். வண்டி நின்று, லோகோ பைலட்டுக்குச் சிவப்புக் கொடி காட்டி, அவர் அதைக் கவனித்துவிட்டார் என்று உறுதிசெய்த பின்னரே உள்ளே இறங்க வேண்டும். நிற்கும் பெட்டியின் அடியில் தவழ்ந்து மறுபக்கம் போவதும் இதற்குக் குறைந்த தவறன்று.

அடுத்தது கைசைகை. பச்சைக் கொடியை மெதுவாக மேலும் கீழும் அசைத்தால் எஞ்சின் நம்மை விட்டு விலகிச் செல்லும். உடலுக்குக் குறுக்கே பக்கவாட்டில் அசைத்தால் நம்மை நோக்கி வரும். இவ்விரண்டுக்கும் நடுவில் ஏதோ ஓர் அசைவைக் காட்டுவதே பல விபத்துகளுக்கு வித்து. ஐப்பசி, கார்த்திகை மழையில் விளக்கொளி மங்கிச் சைகை தெரியாமல் போனால், ஊகித்து நகர்த்தாமல் வண்டியை நிறுத்துவதே சரி.

நிறுத்திவைத்த பெட்டிகளுக்குக் கைபிரேக் போடுவதோடு வேலை முடிந்ததாக எண்ணக் கூடாது. யார்டு சமதளமாகத் தெரிந்தாலும் சிறு சரிவு இருக்கும். கடற்கரையோர ஊர்களில் புயற்காற்று வெற்றுப் பெட்டிகளை உருட்டிவிடவும் கூடும். பெட்டியைப் பிணைக்கும் சங்கிலியும் சக்கரத்தடியில் வைக்கும் மரக்கட்டையும் கட்டாயம் வேண்டும்.

பணிநேரத்தைப் பற்றிய அறியாமையையும் நான் தவறாகவே கருதுகிறேன். 1989 ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி, தொடர் பணி வகையில் வருபவருக்கு இரண்டு வாரச் சராசரியாக வாரத்துக்கு 54 மணி நேரமே வரம்பு. கூடுதல் நேரத்துக்கு இருமடங்குக்குக் குறையாத ஊதியமும், வாரந்தோறும் இடைவிடாத 30 மணி நேர ஓய்வும் உண்டு. மிகைநேரப் பணத்துக்காக அந்த ஓய்வை விட்டுக்கொடுப்பவர் மறுநாள் இரவு அரைத்தூக்கத்தில் பாயிண்ட் மாற்றுகிறார். பணிக்கு வந்த நேரத்தையும் முடித்த நேரத்தையும் அன்றன்றே சொந்தக் குறிப்பேட்டில் எழுதிவைத்தால், வரம்பு மீறும்போது மேலதிகாரியிடம் கணக்கோடு பேச முடியும்.