அணுக்கழிவுத் தொட்டியில் கை வைக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொட்டியில் தேங்கியிருக்கும் கதிரியக்கத் திரவத்தைச் சுத்திகரிப்பது என்றால், வடிகட்டியில் விட்டு எடுக்கிற வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இதுவரை நடந்த கோளாறுகள் பலவற்றுக்கும் வேர் அந்த நினைப்புதான்.

அமெரிக்காவில் அணுகுண்டுக்குப் புளூட்டோனியம் தயாரித்த ஹான்ஃபோர்ட் வளாகத்தில் நிலத்துக்கடியில் 177 தொட்டிகள், அவற்றில் சுமார் 21 கோடி லிட்டர் கழிவு. புளூட்டோனியம் பிரித்தபோது வந்த கழிவு அமிலமாக இருந்தது. தொட்டியோ சாதா எஃகு. அமிலம் அரித்துவிடும் என்று காஸ்டிக் சோடா கலந்து கொட்டினார்கள். உலோகங்களில் பெரும்பகுதி சேறாக அடியில் படிந்தது, நீர் வற்றிய இடத்தில் உப்பு கட்டிதட்டியது. இன்றைக்கு கதிரியக்கத் தனிமங்களில் ஸ்ட்ரான்சியமும் புளூட்டோனியமும் பெரும்பாலும் சேற்றில், சீசியம் பெரும்பாலும் மேல்நீரிலும் உப்பிலும். மேலிருந்து ஒரு குப்பி மொண்டு சோதித்துவிட்டு "தொட்டியில் இருப்பது இதுதான்" என்று எழுதினால், அடியில் இருப்பது கணக்கிலேயே வராது. மேல், நடு, அடி என்று ஆழம் மாற்றி மாதிரி எடுக்காமல் எந்த முறையையும் முடிவு செய்யக்கூடாது.

அடுத்தது, ஆய்வகத்தில் வேலை செய்த ரசாயனத்தை நம்பி அப்படியே தொட்டியில் கொட்டுவது. தென் கரோலினாவின் சவான்னா ரிவர் வளாகத்தில் சீசியத்தைப் பிடிக்க சோடியம் டெட்ராபீனைல்போரேட் சேர்த்தார்கள். சீசியம் நன்றாகவே படிந்தது. ஆனால் கழிவில் ஏற்கெனவே இருந்த சில உலோகங்கள் வினையூக்கியாகி அந்தச் சேர்மத்தைச் சிதைத்தன. எளிதில் தீப்பற்றும் பென்சீன் எதிர்பார்த்ததைவிட அதிகமாக வெளிவந்தது. சுமார் 50 கோடி டாலர் செலவான பிறகு, 1998-இல் அந்த முறையை நிறுத்தினார்கள். ஆய்வகத்தில் செயற்கையாகக் கலந்த மாதிரிக் கரைசல் போதாது, அசல் கழிவிலேயே சோதிக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

உறிஞ்சு பொருளிலும் இதே கதை. நைட்ரேட் உப்புள்ள கழிவின் ஈரத்தை உறிஞ்ச, களிமண் வகைக்குப் பதிலாக கோதுமையில் செய்த பூனை மணலை (வளர்ப்புப் பூனையின் கழிவுத் தட்டில் போடும் உறிஞ்சு பொருள்) போட்டுவிட்டார்கள். தானியம் எரிபொருள், நைட்ரேட் ஆக்சிஜன் தருவது. 2014 பிப்ரவரியில் நியூ மெக்சிகோவின் நிலத்தடி அணுக்கழிவுக் கிடங்கில் அந்தக் கழிவை அடைத்த டிரம் சூடேறி வெடித்துத் திறந்தது. கிடங்கு கிட்டத்தட்ட மூன்று வருடம் மூடிக் கிடந்தது.

கழிவு சும்மா கிடப்பதும் இல்லை. உள்ளிருக்கும் கதிரியக்கமே அதைச் சூடாக்கும், ஹைட்ரஜனை உண்டாக்கும். சோவியத் யூனியனின் மாயாக் அணு ஆலையில் ஒரு தொட்டியின் குளிரூட்டல் நின்றுபோய் நீர் ஆவியானது. காய்ந்த நைட்ரேட், அசிட்டேட் உப்புகள் 1957 செப்டம்பர் 29 அன்று வெடித்து, 160 டன் கான்கிரீட் மூடியைத் தூக்கி எறிந்தன. சுத்திகரிப்பு தொடங்கவில்லையே என்று குளிரூட்டலையும் காற்றோட்டத்தையும் தள்ளிப்போட முடியாது.

அப்புறம் சின்ன விஷயங்கள். ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் 2013 ஆகஸ்டில் போல்ட் போட்டு இணைத்த ஒரு தொட்டியிலிருந்து சுமார் 300 டன் கதிரியக்க நீர் கசிந்தது. கசிந்தால் தடுக்கத்தான் சுற்றிலும் தடுப்புச்சுவர் கட்டியிருந்தார்கள். ஆனால் மழைநீர் வடிவதற்காக அதன் வால்வைத் திறந்தே வைத்திருந்ததால் கழிவும் அதன் வழியே வெளியேறியது. அணை இருந்தும் மதகு திறந்து கிடந்தால் என்ன பயன்?

அங்கேயே இன்னொரு பாடமும் உண்டு. அங்குள்ள ஆல்ப்ஸ் (ALPS) என்ற நீர் சுத்திகரிப்புக் கருவி பலவகைக் கதிரியக்கத் தனிமங்களைப் பிடிக்கும், ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவமான ட்ரிடியத்தைப் பிடிக்காது. அது நீர் மூலக்கூறிலேயே கலந்திருப்பது. ஆகவே "சுத்தமாகிவிட்டது" என்று மொத்தமாகச் சொல்வது தவறு. எது நீங்கியது, எது மிச்சம் என்று பெயர் சொல்லி, அளவு சொல்லி எழுத வேண்டும். பிடித்த சீசியமும் ஸ்ட்ரான்சியமும் எங்கும் மறைவதில்லை. அவற்றைப் பிடித்துவைக்கும் ரெசின் என்ற பிசின் மணிகளிலும், சுத்திகரிப்பில் மிஞ்சும் கூழிலும் முன்பைவிடச் செறிவாக உட்கார்ந்திருக்கும். அந்தக் கூழை அடைத்த பாலிஎத்திலீன் கலன்களே கதிர்வீச்சில் நலிந்து, வேறு கலன்களுக்கு மாற்ற வேண்டி வந்தது. முதல் லிட்டரைச் சுத்திகரிக்கும் முன்பே, இந்த மிச்சம் எந்தக் கலனில், எத்தனை வருடம், கடைசியில் கண்ணாடியோடு உருக்கி இறுக்குவதா சிமெண்டில் கலந்து இறுக்குவதா என்பதை முடிவு செய்திருக்க வேண்டும்.

வெளியே எடுக்கும்போதும் கவனம் தேவை. 2007 ஜூலையில் ஹான்ஃபோர்டில் அடைத்துக்கொண்ட பம்பை விடுவிக்கப் பின்னோக்கி ஓட்டினார்கள். தண்ணீர் மட்டுமே போக வேண்டிய ஹோஸில் கழிவு ஏறி, அது பிய்ந்து, சுமார் 320 லிட்டர் தரையில் கொட்டியது. நல்ல தண்ணீர்க் குழாய்தானே என்று அதற்குள் கழிவு திரும்பி வரும் வாய்ப்பை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.