அயன்பெட்டி வேண்டாம், துணிக்கொடி போதும்: கப்பலுக்கு மூட்டை கட்டும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு குடும்பம் நான்கு இரவுக் கப்பல் பயணத்துக்குக் கிளம்பினால், பெட்டியில் முதலில் ஏறும் சாமான்கள் மூன்று: அயன்பெட்டி, கெட்டில், எக்ஸ்டென்ஷன் வயர். துறைமுக ஸ்கேனரில் மாட்டுவதும் இந்த மூன்றுதான். பெட்டியை அப்படியே நிறுத்தி வைத்துவிடுவார்கள். மாலை ஆகியும் பெட்டி அறைக்கு வரவில்லையே என்று விசாரித்தால், கீழ்த்தளத்துப் பாதுகாப்பு அறைக்கு வந்து திறந்து காட்டச் சொல்வார்கள். பிடித்து வைத்த பொருள் இறங்கும் நாளில்தான் கைக்கு வரும்.

காரணம் தீ. நடுக்கடலில் பொம்பா (தீயணைப்பு) வண்டி வராது. கப்பல்காரர்களே அணைத்தாக வேண்டும். அதனால் அயன்பெட்டி, கெட்டில்போலச் சூடாக்குகிற சாமான்களை அறைக்குள் விடமாட்டார்கள். மெழுகுவர்த்தி, ஊதுபத்தி, கற்பூரம், அகல்விளக்கு எல்லாம் இதே கணக்குத்தான். வெள்ளிக்கிழமை விளக்கேற்றாமல் மனசு ஒப்பாது என்றால் பேட்டரி விளக்கு ஒன்று கொண்டுபோகலாம். விபூதியைக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போகாதீர்கள். பெயர் அச்சிட்ட கடைப் பாக்கெட்டிலேயே இருக்கட்டும். பெயரில்லாத வெள்ளைத் தூளுக்குச் சோதனை மேசையில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பது பெரியவர்களுக்கு நல்ல அனுபவம் இல்லை.

சார்ஜ் போட, நம் மூன்று முள் பிளக் நிறைய கப்பல்களில் நுழையாது. தட்டை முள் இரண்டு உள்ள 110 வோல்ட் துளையும், உருண்டை முள் இரண்டு உள்ள 220 வோல்ட் துளையும்தான் பெரும்பாலும் இருக்கும். சாதாரண அடாப்டர் ஒன்றும், நான்கு யூஎஸ்பி துளை உள்ள சார்ஜர் ஒன்றும் ஒரு குடும்பத்துக்குப் போதும். சர்ஜ் புரொடெக்டர் (மின்னழுத்தம் எகிறினால் தடுக்கும் பாகம்) உள்ளது வேண்டாம், அதையும் பறிப்பார்கள். சார்ஜரில் 100–240V என்று அச்சிட்டிருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். தலைமுடி காயவைக்கும் கருவி அறையில் பொதுவாக இருக்கும்.

முதலில் எந்தத் துறைமுகம்?

டிக்கெட்டில் போர்ட் கிள்ளான் என்று பார்த்ததும் கொம்யூட்டர் ரயிலின் கடைசி நிலையமான பெலாபுஹான் கிள்ளானில் போய் இறங்கிவிடாதீர்கள். கப்பல் முனையம் இருப்பது பூலாவ் இண்டாவில், பாலம் தாண்டி. ரயில் அங்கே போகாது. கிள்ளானிலிருந்து கிராப் பிடிக்க வேண்டும். நான்கு பேர், நான்கு பெரிய பெட்டி என்றால் சாதாரண காரில் அடங்காது. ஆறு இருக்கை வண்டியாகப் பதிவு செய்யுங்கள்.

பினாங்கு என்றால் சுலபம். இடிஎஸ் ரயிலில் பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெரி, இறங்கியதும் ஸ்வெட்டன்ஹம் பியர் நடக்கிற தூரம். சிங்கப்பூரில் முனையம் இரண்டு. மரினா பே முனையத்துக்கு மரினா சவுத் பியர் எம்ஆர்டி, இன்னொன்றுக்கு ஹார்பர்ஃபிரண்ட் எம்ஆர்டி. டிக்கெட்டில் எது என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். கடப்பிதழுக்கு ஆறு மாதம் ஆயுள் வேண்டும். பெட்டி கட்டுவதற்கு முன்பு, டிக்கெட் எடுக்கும்போதே அதைப் பார்ப்பதுதான் புத்தி.

கைப்பை

பெரிய பெட்டிகளை முனையத்தின் வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள். அவை அறை வாசலுக்கு வர மாலை ஆகும், சில நாள் இரவுச் சாப்பாட்டு நேரம்கூட ஆகிவிடும். ஆகவே முதல் ஏழெட்டு மணி நேரத்துக்கு வேண்டியது எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும்: கடப்பிதழ், மருந்து, பவர் பேங்க், பிள்ளைகளுக்கு ஒரு மாற்று உடை, நீச்சல் உடை. கப்பலைப் பார்த்ததும் பிள்ளைகள் நேரே குளத்துக்குத்தான் ஓடுவார்கள்.

இனிப்புநீர், இரத்த அழுத்த மருந்துகளைக் கிளினிக்கில் கொடுத்த உறையோடு, பயண நாளுக்கு மேல் மூன்று நாளுக்கும் சேர்த்து எடுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் அறைக் குளிர்பெட்டியை அப்படியே நம்ப வேண்டாம். சில கப்பல்களில் அது பானத்தைக் குளுகுளுவென்று வைக்க மட்டும்தான் உதவும். ஏறியதும் அறைப் பணியாளரிடம் கேளுங்கள். பயன்படுத்திய ஊசியைப் போட்டுவைக்கும் டப்பாவும் கேட்டால் தருவார்கள். அதைக் குப்பைக் கூடையில் போடக்கூடாது.

பெட்டியில் மாட்டும் அட்டையை வீட்டிலேயே அச்சிட வேண்டியிருந்தால், மடித்து பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, கைப்பிடியைச் சுற்றி நாலைந்து முறை ஸ்டேப்பிள் அடியுங்கள். செலோடேப் மட்டும் ஒட்டினால் மழையில் உரிந்து வந்துவிடும். அட்டை போன பெட்டியை யார் அறையில் கொண்டுபோய் வைப்பது?

துணி

அயன் கிடையாது என்பதால் கசங்காத துணிதான் சரி. ஆண்களுக்கு மாலை விருந்துக்கு முழுக்கை பாத்தேக் சட்டை ஒன்று இருந்தால் கோட்டே தேவையில்லை. இந்தப் பக்கத்துக் கப்பல்களில் மரியாதையான உடையாக எடுத்துக்கொள்வார்கள். வேட்டி கட்டுகிறவர்கள் ஒட்டிக்கோ வேட்டி எடுங்கள். காற்றடிக்கும் மேல்தளத்தில் சாதா வேட்டி நம் பேச்சைக் கேட்காது.

சேலை என்றால் கிரேப், ஜார்ஜெட். பட்டைத் தவிர்த்துவிடுங்கள். கட்டாயம் பட்டுதான் என்றால், வீட்டிலேயே அயன் போட்டு, மடிப்பு எடுத்து, கிளிப் மாட்டி, பழைய பருத்தித் துணியில் உருளையாகச் சுற்றிப் பெட்டியின் மேல் அடுக்கில் வையுங்கள். சின்னச் சுருக்கம் போக, சுடுதண்ணீர்க் குளியல் முடிந்த கையோடு குளியலறைக் கதவை மூடி, சேலையை ஹேங்கரில் பத்து நிமிடம் மாட்டினால் போதும். நீர்த்துளி படாத தூரத்தில் மாட்டுங்கள்.

துண்டு எடுத்துப் போகவே வேண்டாம். அறையில் தருவார்கள், குளத்தடியில் தனியாகத் தருவார்கள். குளத்துத் துண்டைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் கணக்கில் காசு ஏறும்.

துவைப்பதும் காயவைப்பதும்

நம் ஊரில் டோபி கடை மூலைக்கு மூலை இருக்கிறது. காசு போட்டால் ஒரு மணி நேரத்தில் காய்ந்த துணி கையில். கப்பலில் அந்த வசதி எல்லா நிறுவனத்திலும் இல்லை. பிரின்சஸ் போன்ற சில நிறுவனங்களின் கப்பல்களில் பயணிகளே துவைக்கும் அறை உண்டு, அயன்பெட்டியும் அங்கேயே இருக்கும். ராயல் கரீபியன் கப்பல்களில் அந்த அறை கிடையாது. கப்பல்காரர்களிடம் துவைக்கக் கொடுத்தால் உருப்படிக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். பயணத்தின் நடுவில் ஒரு பை நிறைய துணிக்கு ஒரே விலை என்று சலுகைச் சீட்டு வரும். ஏழு இரவுக்கு மேல் போகிறவர்களுக்கு அது லாபம். நான்கு இரவுக்குத் தேவையே இல்லை: உள்ளாடையும் பிள்ளைகளின் டீசட்டையும் மட்டும் கையால் அலசினால் போதும்.

அலச வேண்டியவை: ஒரு தேக்கரண்டி திரவச் சவர்க்காரம், தட்டையான ரப்பர் மூடி ஒன்று. கைகழுவும் தொட்டியின் அடைப்பான் பல கப்பல்களில் சொட்டுச் சொட்டாகக் கசியும், பத்து நிமிடத்தில் தொட்டி காலி. அதற்குத்தான் ரப்பர் மூடி. தூள் வேண்டாம். குளிர்ந்த தண்ணீரில் சரியாகக் கரையாமல் கறுப்புத் துணியில் வெள்ளைப் பொட்டாக நிற்கும். ஒரு தேக்கரண்டிக்கு மேல் ஊற்றினால் நுரையை அலசி முடிப்பதற்குள் கை ஓய்ந்துவிடும்.

துணியைப் பத்து நிமிடம் ஊறவிட்டு, கசக்கி, ஷவர் தலையைக் கையில் பிடித்து அலசுங்கள். பிறகு முறுக்கிப் பிழியாதீர்கள், அமுக்கி மட்டும் பிழியுங்கள். அடுத்த வேலைதான் முக்கியம். காய்ந்த குளியல் துண்டைக் கட்டிலில் விரித்து, அதன்மேல் டீசட்டையைப் பரப்பி, பாயைச் சுருட்டுவதுபோலச் சுருட்டித் தரையில் போட்டு, முழங்காலை வைத்து இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அழுத்துங்கள். துண்டு கனத்துப்போகும், சட்டை லேசாகிவிடும். ஒரு துண்டுக்கு இரண்டு சட்டைதான். மூன்றாவதை வைத்தால் ஈரம் ஏறாது. இதைச் செய்யாமல் மாட்டினால் காலையில் சட்டையின் கீழ் ஓரம் ஈரமாகவே இருக்கும்.

குளியலறைச் சுவரில் இழுத்து மாட்டும் கொடி இருக்கும். அதில் ஜீன்ஸ் போட்டால் கொடி தொய்ந்து, பொருத்திய இடமே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அறைச் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு. ஆகவே காந்தக் கொக்கி நான்கு வாங்கிக்கொண்டு போங்கள். மிஸ்டர் டி.ஐ.ஒய். கடையிலோ பசார் மாலாம் இரவுச் சந்தையிலோ கிடைக்கும். பத்து கிலோ தாங்கும் என்று எழுதியிருப்பதே நல்லது, ஏனென்றால் பெயிண்ட் அடித்த சுவரில் பிடி குறைந்து வழுக்கும். ஏர்கான் காற்று படுகிற பக்கமாக ஹேங்கரை மாட்டுங்கள், காற்று வரும் கண்ணை மூடிவிடாதீர்கள். விளக்கின்மேல் போடுவது தீக்கு அழைப்பு. குளியலறைக் கதவை ஒரு சாண் திறந்து வையுங்கள். உள்ளே காற்றை உறிஞ்சும் துவாரம் எப்போதும் ஓடும், ஆனால் கதவு மூடியிருந்தால் உறிஞ்சுவதற்குக் காற்று ஏது?

மெல்லிய பாலியெஸ்டர் ஒரு இரவில் காயும். பருத்தி டீசட்டைக்கு ஒன்றரை நாள். ஜீன்ஸ் காயவே காயாது, இரண்டாம் நாள் வாடை அடிக்கும். பால்கனியில் மாட்டுவதைப் பல கப்பல்கள் தடுக்கின்றன. தடுக்காவிட்டாலும் வேண்டாம்: காற்று அடித்துக்கொண்டு போகாமல் தப்பினாலும், உப்புச் சாரல் படிந்த துணி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிசுபிசுவென்றே இருக்கும். நீச்சல் உடையை நல்ல தண்ணீரில் அலசச் சொல்வதும் இதனால்தான்.

குழம்பு பட்ட இடத்தில் சவர்க்காரம் போட்டதும் சிவந்தால் பயப்படாதீர்கள். மஞ்சள் காரத்தில் சிவப்பாக மாறும், நன்றாக அலசியதும் மஞ்சளுக்கே திரும்பிவிடும். அந்த மஞ்சளை வெளுக்க வைப்பது வெயில். வீட்டுக்கு வந்து கொடியில் போட்டுக்கொள்ளலாம்.

சாப்பாடு

வீட்டில் சமைத்த சோறும் கறியும் கப்பலுக்குள் போகாது. கடையில் சீல் வைத்து விற்கும் தின்பண்டத்தைப் பொதுவாக விடுவார்கள். நான்கு பேருக்கு நான்கு இரவு என்றால் முறுக்கு ஒரு பாக்கெட், 200 கிராம் ஊறுகாய், மூன்று-இன்-ஒன் தேநீர் பத்துப் பொட்டலம். இதற்கு மேல் எடுத்தவை திரும்ப வீட்டுக்குத்தான் வரும். ஊறுகாய்ப் போத்தலின் சீலை உடைக்காமல், மூடியைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாள் ஒன்றை இறுகக் கட்டி, இரண்டு ஜிப் பைக்குள் வையுங்கள். எண்ணெய்க்கு வழி கண்டுபிடிக்கத் தெரியும், அது போய்ச் சேருகிற இடம் எப்போதும் வெள்ளைச் சட்டைதான். சுடுதண்ணீர் பஃபே மேசைப் பக்கம் கிடைக்கும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் டிக்கெட் எடுக்கும்போதே ‘இந்திய சைவம்’ என்று எழுத்தில் பதிவு செய்யுங்கள். முதல் நாள் இரவு உணவு மண்டபத்தில் தலைமைப் பரிமாறுபவரைக் கூப்பிட்டு மறுநாளுக்கும் சொல்லிவிடுங்கள். முன்தினமே சொன்னால் பருப்பும் கூட்டும் தனியாகச் செய்து தருகிற சமையலறைகள் உண்டு. அங்கேயே நின்று கேட்டால் வெந்த காய்கறிதான் வரும். மாடு, பன்றி தவிர்ப்பவர்கள் பெயரட்டையை மட்டும் நம்பாமல் கேளுங்கள்: சூப்பில் எந்த எலும்புச் சாறு, ஜெல்லியில் ஜெலட்டின் உண்டா, கீரையில் சிப்பிச் சாறா, சம்பலில் பெலாச்சானா (இறால் விழுது). புரட்டாசி விரதக்காரர்களுக்கு மாட்டுகிற இடம் அந்தக் கீரைதான்.

பஃபேக்குப் போகுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கப்பல்களில் பரவும், வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் நோரோ கிருமிக்கு வாசலில் பீய்ச்சும் ஜெல் போதாது.

பஃபேயிலிருந்து பழம், சாண்ட்விச் எதையும் கரைக்குத் தூக்கிப் போகாதீர்கள். சிங்கப்பூரில் இறங்கினால் சுவிங்கம், வேப், வாயில் போடும் புகையிலை மூன்றும் தடை. வெற்றிலை போடுகிற பாட்டியின் சுருக்குப் பையை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். வெற்றிலைக்கு நடுவே புகையிலை மடிப்பு இருப்பது அவருக்கே நினைவிருக்காது. சிகரெட்டுக்குச் சிங்கப்பூரில் வரிச் சலுகை கிடையாது, ஒரு குச்சிக்கும் கணக்கு உண்டு. தாய்லாந்திலும் வேப் சட்டவிரோதம்.

தலைசுற்றல்

மலாக்கா நீரிணை பொதுவாக அமைதி. தென்சீனக் கடலில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை அலை அதிகம். பயப்படுகிறவர்கள் கீழ்த்தளத்தில் கப்பலின் நடுப்பகுதி அறையாகக் கேளுங்கள். மாத்திரையை அலை ஆடுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி முன்பே போட வேண்டும், வாந்தி தொடங்கிய பிறகு போட்டால் வயிற்றில் நிற்காது. தூக்கம் வரும். கண் அழுத்தம், புரோஸ்டேட் தொல்லை உள்ளவர்கள் மருந்தாளரைக் கேட்டு வாங்குங்கள்.

கடைசி இரவு

பெட்டியைப் பூட்டி நள்ளிரவுக்குள் அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள், காலையில் முனையத்தில் எடுத்துக்கொள்ளலாம். வருஷா வருஷம் யாராவது ஒருவர் எல்லாவற்றையும் உள்ளே போட்டுப் பூட்டிவிட்டு, காலையில் கைலியும் பனியனுமாகக் குடிநுழைவு வரிசையில் நிற்பார். மறுநாள் உடை, உள்ளாடை, பல் துலக்கி, மருந்து, கடப்பிதழ் எல்லாவற்றையும் கட்டில்மேல் எடுத்து வைத்த பிறகு பெட்டியை மூடுங்கள். செருப்பையும்தான்.