லாக் ஆஃப் செய்யும்போது ரெஜிஸ்ட்ரி எச்சரிக்கை வந்தால்: ஃபார்மேட்டுக்கு முன் பார்க்க வேண்டியவை

திருப்பூரில் பனியன் கம்பெனி ஆபீசுகளுக்குக் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். ஒரே கம்ப்யூட்டரில் கணக்குப் பார்ப்பவர், ஷிப்பிங் பேப்பர் போடுபவர், முதலாளி மகன் என மூன்று யூசர் இருப்பது இங்கே சாதாரணம். ஒருவர் லாக் ஆஃப் செய்து எழுந்தால்தான் அடுத்தவர் உட்கார முடியும். ஆகவே லாக் ஆஃப் சம்பந்தப்பட்ட வில்லங்கம் எல்லாம் என் கண்ணில் படும். அதில் அதிகம் வருவது, விண்டோஸ் தன் குறிப்பேட்டில் 1530 என்ற எண்ணில் எழுதும் எச்சரிக்கை. "உங்கள் ரெஜிஸ்ட்ரி ஃபைலை வேறு புரோகிராம்களோ சர்வீஸ்களோ இன்னும் பயன்படுத்துகின்றன, ஃபைல் இப்போது இறக்கப்படும்" என்பது அதன் சாரம். யாராவது அதைப் பார்த்துவிட்டு, "ரெஜிஸ்ட்ரி போச்சு, ஃபார்மேட் அடிக்கணும்" என்று சொல்லிவிடுவார்கள். உடனே எனக்குப் போன் வரும்.

"ஏனுங் தம்பி, டேலி டேட்டாவும் போயிருமுங்களா?"

"ஒண்ணும் ஆகாதுங்ண்ணா. ஃபார்மேட் மட்டும் பண்ணிராதீங்க, வந்து பாக்கறனுங்."

அந்த எச்சரிக்கையில் பாதிக்கு மேல் பதில் அதற்குள்ளேயே எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் கைவைப்பதுதான் கெடுதல்.

முதலில் உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸும் புரோகிராம்களும் தங்கள் அமைப்புகளை எழுதி வைக்கும் இடம். ஒவ்வொரு யூசருக்கும் சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் அவர் பெயரில் இருக்கும் ஃபோல்டரில் என்டியூசர்.டாட் என்று மறைந்த ஃபைல் ஒன்று உண்டு. அவருடைய ரெஜிஸ்ட்ரி அமைப்புகள் அதில்தான் இருக்கின்றன. ஆப்டேட்டாவுக்குள் யூசர்கிளாஸ்.டாட் என்று இன்னொன்றும் உண்டு. லாக் ஆன் செய்ததும் இரண்டும் ரெஜிஸ்ட்ரிக்குள் ஏற்றப்படும். லாக் ஆஃப் செய்ததும் இறக்கப்பட வேண்டும். பின்னணியில் ஓடும் ஏதாவது சர்வீஸ் ஒரு கீயை, அதாவது ரெஜிஸ்ட்ரிக்குள் இருக்கும் ஒரு பிரிவை, திறந்து வைத்துக்கொண்டு விடாமல் இருந்தால் இறக்க முடியாது. ஷிப்டு முடிந்து டெய்லர் எழுந்து போன பிறகும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தால் சூப்பர்வைசர் வந்து சுவிட்சை அணைப்பதுபோல, விண்டோஸே அந்தப் பிடியை விடுவித்து ஃபைலை இறக்கிவிட்டு, அணைத்ததைக் குறித்து வைக்கிறது. அந்தக் குறிப்புதான் 1530.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இந்த வசதி கிடையாது. 1517, 1524 என்ற எண்களில் எச்சரிக்கை வரும், லாக் ஆஃப் திரை அப்படியே நிற்கும். அதற்காக மைக்ரோசாஃப்ட் யூபிஹெச்கிளீன் என்று தனி சர்வீஸ் ஒன்றைக் கொடுத்தது. அடுத்து வந்த விஸ்டாவிலிருந்து அந்த வேலை விண்டோஸுக்குள்ளேயே வந்துவிட்டது. எம்பிராய்டரி மிஷினோடு எக்ஸ்பி இன்னும் ஓடுகிற இடங்களில் அது உதவலாம். விண்டோஸ் 7, 10, 11-ல் அதைத் தேடிப் போட வேண்டாம்.

இனி வேலைக்கு வருவோம். ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து, அந்தக் குறிப்புகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறங்கள். விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் அப்ளிகேஷன். வலது பக்கம் ஃபில்டர் கரன்ட் லாக் என்பதைச் சொடுக்கி, எண் கேட்கும் இடத்தில் 1530, 1511, 1515, 1508 என்று கமா போட்டு எழுதுங்கள். மற்ற மூன்றைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். 1530 மட்டும் எப்போதாவது ஒன்று வருகிறது, லாக் ஆஃப் சட்டென்று முடிகிறது, அடுத்த முறை உள்ளே வரும்போது டெஸ்க்டாப் எல்லாம் சரியாக இருக்கிறது என்றால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். அந்த ஆபீசுகளில் நான் எதையும் தொடுவதில்லை.

தினமும் வருகிறது, லாக் ஆஃப் இழுக்கிறது என்றால் அந்த வரியைத் திறந்து கீழே டீட்டெயில் என்று இருப்பதைப் படியுங்கள். எத்தனை பிடிகள் விடப்படவில்லை, எந்த புரோசஸ் (ஓடிக்கொண்டிருந்த புரோகிராம்) பிடித்திருந்தது, அதன் எண் என்ன, எந்த கீ என்பது வரை இருக்கும். பாதை ஹார்ட்டிஸ்க்வால்யூம் என்று ஆரம்பிப்பதைப் பார்த்து மிரள வேண்டாம், கடைசியில் இருக்கும் ஃபைல் பெயர்தான் முக்கியம். என் அனுபவத்தில் மாட்டுவது ஆன்டிவைரஸ், பிரிண்டர் டிரைவர், டிஎஸ்சி டோக்கனுக்கு (டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் யூஎஸ்பி) போட்ட மென்பொருள் ஆகியவைதான். பெயர் தெரிந்துவிட்டால் அதன் புதிய பதிப்பைப் போடுங்கள். தேவையில்லாததாக இருந்தால் எடுத்துவிடுங்கள். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம், ஒன்றை அங்கேயே நீக்குங்கள்.

சில சமயம் பெயர் எஸ்விசிஹோஸ்ட் என்று வரும். அது விண்டோஸின் பொதுக் கூடு, உள்ளே எந்த சர்வீஸ் இருந்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அதற்கு புரோசஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு, ரீஸ்டார்ட் செய்வதற்கு முன்னாலேயே வேறு யூசராக உள்ளே போய், டாஸ்க் மேனேஜரின் டீட்டெயில்ஸ் பக்கத்தில் அதே எண்ணைத் தேடி, ரைட் கிளிக் செய்து கோ டு சர்வீசஸ் கொடுங்கள். ரீஸ்டார்ட் ஆனால் எண்கள் மாறிவிடும், பிறகு தேடிப் பயனில்லை.

அப்படியும் பிடிபடவில்லை என்றால் சிஸ்டம் கான்ஃபிகரேஷனைத் திறந்து, சர்வீசஸ் பக்கத்தில் மைக்ரோசாஃப்ட் சர்வீஸ்களை மறைக்கும் கட்டத்தில் டிக் போடுங்கள். மிச்சம் இருப்பதில் பாதியை அணைத்து, ரீஸ்டார்ட் செய்து, லாக் ஆஃப் செய்து பாருங்கள். எச்சரிக்கை நின்றால் அணைத்த பாதியில் ஆள் இருக்கிறது. அதையும் பாதியாக்குங்கள். பொறுமை வேண்டும். முடிந்ததும் மற்றதையெல்லாம் மறக்காமல் திரும்ப ஓட விடுங்கள், ஆன்டிவைரஸ் உட்பட.

இன்னொன்று. விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒரு வசதி இருக்கிறது. அது இயங்கினால் ஷட் டவுன் கொடுத்தாலும் சிஸ்டம் முழுதாக இறங்காது. உள்பகுதி நினைவை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு மறுநாள் அதையே எடுக்கும். ஆகவே "தினமும் ராத்திரி அணைக்கறமே" என்பது கணக்கில் வராது. ரீஸ்டார்ட்தான் கொடுக்க வேண்டும்.

ரெஜிஸ்ட்ரி கிளீனர் என்று இலவசமாகக் கிடைப்பவை இந்த எச்சரிக்கைக்கு எதுவும் செய்யாது. புதிய தொல்லையைத்தான் கொண்டுவரும்.

குரூப் பாலிசியில் (விண்டோஸ் எப்படி நடக்க வேண்டும் என்று அட்மின் விதி போடும் இடம்), லாக் ஆஃப் ஆகும்போது யூசர் ரெஜிஸ்ட்ரியைக் கட்டாயமாக இறக்காதே என்று ஒரு அமைப்பு உண்டு. எச்சரிக்கை வராமல் இருக்க அதைப் போடாதீர்கள். ஒரு யூசரின் பெயரில் ஓடும் சர்வீஸ், அவர் லாக் ஆஃப் ஆனதும் "நீக்கக் குறித்த கீ" என்று பிழை காட்டி நின்றால் அதற்குத்தான் அது.

உண்மையில் பயப்பட வேண்டியது 1511, 1515. 1511 என்றால் யூசரின் பழைய புரொஃபைல் (அவருடைய ஃபோல்டரும் அமைப்புகளும்) ஏறவில்லை, தற்காலிக புரொஃபைல் கொடுத்திருக்கிறேன் என்று அர்த்தம். 1515 என்றால் பழைய புரொஃபைலை பேக்கப்பாக ஒதுக்கி வைத்திருக்கிறேன் என்று அர்த்தம். டெஸ்க்டாப் காலியாக இருக்கும். அந்த டெஸ்க்டாப்பில் எதையும் சேமிக்காதீர்கள், லாக் ஆஃப் ஆனதும் போய்விடும். பழைய ஃபோல்டர் பெரும்பாலும் யூசர்ஸுக்குள் பத்திரமாக இருக்கும். முதலில் ஒரு ரீஸ்டார்ட். சரியாகவில்லை என்றால் முதல் வேலை அந்த ஃபோல்டரை வெளி டிஸ்குக்கு எடுத்து வைப்பது. பிறகு வேறு அட்மின் யூசராக உள்ளே போய் ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்டி, கரன்ட்வெர்ஷன், புரொஃபைல்லிஸ்ட் என்று இறங்குங்கள். மாற்றுவதற்கு முன் அந்தக் கீயை எக்ஸ்போர்ட் செய்துகொள்ளுங்கள். அங்கே ஒவ்வொரு யூசருக்கும் ஒரு நீள எண் இருக்கும். ஒரே நீள எண் இரண்டு முறை இருந்து, ஒன்றின் கடைசியில் .பேக் என்று இருந்தால் விஷயம் அங்கேதான். .பேக் உள்ளதில் புரொஃபைல்இமேஜ்பாத் பழைய ஃபோல்டரைக் காட்டுகிறதா பாருங்கள். காட்டினால் மற்றதன் பெயரை மாற்றிவிட்டு, இதிலிருந்து .பேக்கை எடுங்கள். ஸ்டேட், ரெஃப்கவுன்ட் இருந்தால் இரண்டையும் 0 ஆக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அதற்கும் மசியவில்லை, அல்லது ரெஜிஸ்ட்ரி ஃபைலை ஏற்ற முடியவில்லை என்று சொல்லும் 1508-உம் வருகிறது என்றால் என்டியூசர்.டாட் கெட்டிருக்கலாம். கரண்ட் போகும்போது யூபிஎஸ் தாங்காத ஆபீசுகளில் இது சகஜம். டிஸ்கையும் ஒருமுறை செக் டிஸ்க் ஓட்டிப் பாருங்கள். பிறகு புது யூசர் உருவாக்கி, பழைய ஃபோல்டரிலிருந்து டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸை மட்டும் நகலெடுங்கள். என்டியூசர் என்று தொடங்கும் ஃபைல் எதையும் எடுக்காதீர்கள். அவுட்லுக் மெயில் ஃபைல் டாக்குமென்ட்ஸுக்குள் அவுட்லுக் ஃபைல்ஸில் இருக்கிறதா பாருங்கள். குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகள் பழைய யூசரோடு பூட்டப்பட்டவை, ஃபோல்டரை நகலெடுத்தாலும் புது யூசரில் திறக்காது. பேங்க், ஜிஎஸ்டி பாஸ்வேர்டு எங்கே எழுதி வைத்திருக்கிறார் என்று கணக்குக்காரரிடம் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். பழைய ஃபோல்டரை அடுத்த ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டு முடிக்கும் வரையாவது அழிக்க வேண்டாம். ஏதோ ஒரு எக்செல் ஃபைலைக் காணோம் என்று அப்போதுதான் தேடுவார்.