தபால்பெட்டிக்கு விக்கல் வந்தால்: சிறுவர் சிரிப்புக் கதைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு தெருமுனைத் தபால்பெட்டிக்கு விக்கல் வந்துவிடுகிறது. யார் கடிதம் போட்டாலும் 'ஹிக்' என்று வெளியே துப்பிவிடுகிறது.

இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நாலைந்து முறை கதை எழுதினேன். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகக் கெடுத்தேன். எட்டிலிருந்து பதினொரு வயதுக்காரர்கள் படித்துச் சிரிக்கிற மாதிரி கிறுக்குத்தனமாக ஒரு குட்டிக் கதை எழுதுவது சுலபம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அதன்பிறகு மற்றவர்களின் கதைகளைப் படித்துக் கருத்துச் சொல்லும் வேலை வந்தது. பார்த்தால், நான் செய்த அதே தவறுகள் வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றன. அதனால் அந்தத் தபால்பெட்டியையே முன்னால் வைத்துக்கொண்டு பேசலாம்.

முதல் வரைவில் தபால்பெட்டிக்கு விக்கல் மட்டும் இல்லை. அதே தெருவில் ஒரு பேசும் ஆடு இருந்தது. போஸ்ட்மேன் பறக்கும் சைக்கிளில் வந்தார். இரண்டாவது பக்கத்தில் லட்டு மழை. எழுதும்போது எனக்கே சிரிப்புத் தாங்கவில்லை. படித்துக் காட்டினால் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் மேல் தப்பில்லை. ஆடு பேசுகிற ஊரில் தபால்பெட்டி விக்கினால் யாருக்கு என்ன? எதுவும் நடக்கலாம் என்று ஆகிவிட்டால் எது நடந்தாலும் ஆச்சரியம் கிடையாது. ஒரு கதைக்கு ஒரு கிறுக்குத்தனம் போதும். மிச்சமெல்லாம் நமக்குத் தெரிந்த தெருவாகவே இருக்கட்டும்: டீக்கடை, குழாயடி, மத்தியானம் ஆட்டோவுக்கு அடியில் படுத்துறங்கும் நாய்.

சரி, அந்த ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இங்கேதான் அடுத்த வழுக்கல். 'கற்பனைதானே, எப்படி வேண்டுமானாலும் போகலாம்' என்று எழுதத் தொடங்குவோம். போக முடியாது. கிறுக்குத்தனத்துக்கும் சட்டம் உண்டு. விக்கலுக்கு நம் வீடுகளில் ஏற்கெனவே மூன்று சட்டங்கள் இருக்கின்றன. தண்ணீர் குடித்தால் நிற்கும். திடீரென்று பயமுறுத்தினால் நிற்கும். யாரோ நினைக்கிறார்கள், அது யார் என்று சரியாகச் சொல்லிவிட்டால் நிற்கும். இந்த மூன்றையும் ஒரு சொல்கூட மாற்றாமல் தபால்பெட்டிக்குச் செய்து பார்த்தால் போதும், கதை தானாக நடக்கிறது.

ஒரு சொம்புத் தண்ணீரை அதன் வாயில் ஊற்றுகிறார்கள். உள்ளே இருந்த கடிதமெல்லாம் நனைந்துபோய், மாடிக் கொடியில் க்ளிப் போட்டுக் காயவைக்க வேண்டியதாகிறது. ஆட்டோக்காரர் சத்தம் போடாமல் பின்னால் வந்து ஹாரன் அடிக்கிறார். பயந்துபோன தபால்பெட்டி மூன்று நாள் தபாலையும் ஒரே மூச்சில் கக்கிவிடுகிறது. கடைசியில் தெருவே வரிசையில் நின்று பெயர் சொல்லிப் பார்க்கிறது. "தாம்பரம் அத்தையா?" ஹிக். "கல்கத்தா மாமாவா?" ஹிக்.

தமிழில் இந்த வித்தையை ரொம்பக் கறாராகச் செய்து காட்டியது 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குரு கதை. குதிரையில் போகிற குருவின் தலைப்பாகை விழுந்துவிடுகிறது. அவர் சொல்லவில்லை என்பதால் சீடர்கள் எடுக்கவில்லை. இனி விழுவதை எல்லாம் எடுக்க வேண்டும் என்கிறார். குதிரை போட்ட சாணத்தையும் தலைப்பாகையில் ஏந்திக்கொண்டு வந்துவிடுகிறார்கள். வேறு வழியில்லாமல் எதை எதை எடுக்கலாம் என்று ஓலையில் பட்டியல் எழுதிக் கொடுக்கிறார். அப்புறம் குருவே குழியில் விழுகிறார். பட்டியலில் அவர் பெயர் இல்லை. எடுப்பார்களா? அந்தச் சீடர்கள் முட்டாள்கள்தான். ஆனால் கண்டபடி முட்டாள்கள் அல்ல. சொன்ன சட்டத்தை எழுத்துப் பிசகாமல் பின்பற்றுகிற முட்டாள்கள். சட்டம் இறுக இறுக சிரிப்பு ஏறுகிறது. நடுவில் ஒரு சீடனுக்குத் திடீரென்று புத்தி வந்திருந்தால் கதை அங்கேயே படுத்திருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். குழிக்குள் கிடக்கிற குருவுக்கு அது சிரிப்பு இல்லை. சீடர்களுக்கும் இல்லை, அவர்கள் கடமையைச் செய்கிறார்கள். சிரிப்பது வெளியே இருக்கிற நாம் மட்டும்தான். கதைக்குள் இருப்பவர்கள் சிரிக்கத் தொடங்கினால் படிக்கிறவர்களுக்குச் சிரிக்க ஒன்றும் மிச்சம் இருக்காது. வருகிற கதைகளில் நான் அதிகம் அடித்து நீக்குகிற வாக்கியம் இதுதான்: 'அதைப் பார்த்ததும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தனர்.' கூடவே மூன்று ஆச்சரியக்குறிகள். என்னுடைய இரண்டாவது வரைவில் இது மூன்று இடத்தில் இருந்தது. அதை எடுத்துவிட்டு இப்படி எழுதிப் பார்த்தேன்:

போஸ்ட்மேன் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். தபால்பெட்டியின் முதுகை மெதுவாகத் தடவிக் கொடுத்தார். "காலையில என்ன சாப்பிட்டே?" என்று கேட்டார். தபால்பெட்டி ஒரு கல்யாணப் பத்திரிகையைத் துப்பியது. போஸ்ட்மேன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கல்யாணச் சாப்பாடா? அதான்."

இதற்குப் பிறகு, 'போஸ்ட்மேன் பத்திரிகையைச் சாப்பாடு என்று நினைத்துக்கொண்டார்' என்று ஒரு வரி சேர்க்கக் கை அரிக்கும். பிள்ளைகளுக்குப் புரியாமல் போய்விடுமோ என்ற பயம். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இது புரியும். புரியாத ஒன்றிரண்டு பேர் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொள்வார்கள், அதுவும் ஒரு சந்தோஷம்தான். விளக்கிய ஜோக் ஆறிப்போன பஜ்ஜி.

மொழியில் இரண்டு பக்கமும் பள்ளம். ஒரு பக்கம், 'அம்மா, எனக்குப் பசி எடுக்கிறது. உணவு அளியுங்கள்' என்று பேசுகிற ஆறு வயதுப் பையன். எந்த வீட்டிலும் அப்படிப் பேசினால் அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். இன்னொரு பக்கம், நவீனமாக இருக்க வேண்டுமே என்று வரிக்கு வரி 'ப்ரோ', 'செம மாஸ்'. கதை சொல்கிற குரல் சாதாரண எழுத்துத் தமிழிலும், ஆள்கள் பேசுவது அந்தந்த வீட்டுப் பேச்சிலும் இருந்தால் போதும். நெல்லைத் தாத்தா ஏலே என்று கூப்பிடட்டும், சென்னை டீக்கடை அண்ணன் இன்னாபா என்று கேட்கட்டும்.

சத்தங்களை மட்டும் கஞ்சத்தனம் பண்ணாமல் பயன்படுத்தலாம். நம்மிடம் கொட்டிக் கிடக்கிறது: தொபுக்கடீர், சளக், மடக்மடக், மொறுமொறு, வழவழா கொழகொழா. இவற்றில் பள்ளிக்கூடத்தில் இரட்டைக்கிளவி என்று இலக்கணமாகப் படித்ததைப் பிள்ளைகள் வாயில் வைத்து விளையாடிக்கொண்டே இருப்பார்கள். பிரித்தால் பொருள் தராது என்பது விதி. திருதிரு என்று முழிக்கிறவனிடமிருந்து ஒரு திருவைப் பிடுங்கிவிட்டால் அவன் மரியாதைக்குரியவன் ஆகிவிடுவான். இத்தனையும் வீட்டிலேயே இருக்க, காமிக்ஸ் புத்தகத்திலிருந்து 'ஸ்பிளாஷ்' கடன் வாங்குவது எதற்கு என்று தெரியவில்லை. நானும் யோக்கியன் இல்லை. படித்துக் காட்டும்போது ஒரு சிறுமி கையைத் தூக்கிக் கேட்டாள்: "விக்கல்னா 'விக்'னுதானே வரும்? ஏன் 'ஹிக்'?" அன்றிலிருந்து என் தபால்பெட்டி 'விக்' என்றுதான் துப்புகிறது.

நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சிறுவர் நூல்களை வெளியிடும் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையதளம் கதைகளை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது. முதல் நிலைக்கு 250 சொற்களுக்குள், இரண்டாவதற்கு 600 வரை, மூன்றாவதற்கு 1500 வரை. தமிழில் எழுதுகிறவர் இந்தக் கணக்கோடு இன்னொரு கணக்கும் போட வேண்டும். 'போய்க்கொண்டிருந்தபோதெல்லாம்' என்பது நம் கணக்கில் ஒரே சொல். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு அது ஒரு ரயில். அது முழுவதும் கடந்து போவதற்குள் முந்தைய வரியின் ஜோக் மறந்துபோயிருக்கும். சிரிப்புக் கதையில் நீளமான ஒட்டுச் சொற்களை உடைத்துப் போடுங்கள். தொடக்கத்தில் ஊர் வர்ணனையும் வேண்டாம். விக்கல் முதல் பத்து வரிக்குள் வந்துவிட வேண்டும்.

திரும்பத் திரும்பச் சொல்வது பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். எப்படித் திருப்புவது என்பதில்தான் கோட்டை விடுகிறோம். தன் பெயரை மறந்துபோன ஈயின் கதை ஞாபகம் இருக்கிறதா? 'கொழுகொழு கன்றே, கன்றின் தாயே' என்று தொடங்கி, கேட்கிற ஒவ்வொருவரையும் சங்கிலியில் கோத்துக்கொண்டே போகும். கடைசியில் குதிரையிடம் கேட்டால் அது பல்லைக் காட்டி 'ஈ' என்று கனைக்கும். விடை கிடைத்துவிட்டது. ஒவ்வொரு சுற்றிலும் பழையது அப்படியே இருக்கிறது, புதிதாக ஒன்று மட்டும் சேர்கிறது, கடைசிச் சுற்று எல்லாவற்றையும் கவிழ்க்கிறது. பலர் மூன்று சுற்றையும் ஒரே மாதிரி எழுதிவிடுகிறார்கள், அல்லது ஒவ்வொரு சுற்றிலும் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறார்கள். முதலாவதில் கொட்டாவி வரும். இரண்டாவதில் பிள்ளைகள் கூடச் சேர்ந்து சொல்ல வழியிருக்காது.

இனி கொஞ்சம் சங்கடமான விஷயம். 'அத்திரிபாச்சா கொழுக்கட்டை' கதை கேட்டு வளராதவர்கள் குறைவு. மாமியார் வீட்டில் கொழுக்கட்டை சாப்பிட்டவன், பெயர் மறந்துவிடக் கூடாது என்று 'கொழுக்கட்டை, கொழுக்கட்டை' என்று சொல்லிக்கொண்டே வருகிறான். வழியில் ஒரு பள்ளத்தைத் தாண்டும்போது 'அத்திரிபாச்சா' என்று குதிக்கிறான். அதன்பிறகு வாயில் அத்திரிபாச்சாதான். பெண்டாட்டியிடம் அத்திரிபாச்சா செய் என்கிறான், அவளுக்குப் புரியவில்லை, அடித்துவிடுகிறான். பக்கத்து வீட்டுக்காரி வந்து, கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருக்கிறதே என்கிறாள். 'ஆ, அதேதான்!'

ஒரு வகுப்பில் இதை அப்படியே சொன்னேன். அத்திரிபாச்சாவுக்கு அறையே அதிர்ந்தது. முடிவில் பாதிப் பேர் சிரித்தார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒரு பிள்ளை, "அந்த அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்களா?" என்று கேட்டது. எனக்குப் பதில் வரவில்லை.

இப்போது சொல்லும்போது, அவனே அடுப்படிக்குள் போய் அத்திரிபாச்சா செய்ய முயல்கிறான். மாவில் வழுக்கித் தொபுக்கடீரென்று விழுந்து நெற்றி புடைத்துக்கொள்கிறது. பெண்டாட்டி பார்த்துவிட்டு, 'என்னங்க, கொழுக்கட்டை மாதிரி வீங்கிடுச்சே' என்கிறாள். கதையின் எலும்பு ஒன்றுகூட மாறவில்லை. அடி மட்டும் மறந்தவன் மேல் விழுகிறது. பழைய வடிவத்தைவிடச் சிரிப்பு அதிகம் என்பது என் அனுபவம்.

குண்டுப் பையன், திக்கிப் பேசுகிறவன், கறுப்பாக இருக்கிறவள், இவர்களை வைத்து எழுதும் நகைச்சுவைக்கும் இதே கணக்குதான். முப்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை நிச்சயம் இருக்கும். மற்ற இருபத்தொன்பது பேரும் திரும்பி யாரைப் பார்ப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கேலி செய்ய ஆளா இல்லை? எல்லாம் தெரிந்த மாதிரி பேசும் பெரியவர்கள், மீசையை முறுக்கும் மாமாக்கள், கதை எழுதுகிற நாம். இவர்கள் வழுக்கி விழட்டும், பிள்ளைகளுக்கும் குஷி.

சினிமா வசனத்தையும் அரசியல் கிண்டலையும் சேர்க்காதீர்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அது அப்பா அம்மாக்களைச் சிரிக்க வைக்கிற வேலை, இரண்டே வருடத்தில் ஊசிப்போய்விடும்.

முடிவுக்கு வருவோம். என் மூன்றாவது வரைவில் 'ஆகவே குழந்தைகளே, கடிதம் எழுதும் நல்ல பழக்கத்தைக் கைவிடக் கூடாது' என்று ஒரு நீதி இருந்தது. நான்காவதில் எல்லாமே கனவு. இரண்டுமே பிள்ளைகளிடம் கொடுத்ததைத் திரும்பப் பிடுங்குகிற வேலை. நீதியைக் கேட்டதும் இவ்வளவு நேரமும் பாடம்தான் நடந்ததா என்று முகம் சுருங்கும். கனவு என்றால் அவ்வளவு நேரம் நம்பினதெல்லாம் வீண்.

கடைசியில் வழி காட்டியது மூன்றாவது சட்டமே. தெருவில் பெரியவர்கள் எல்லோரும் சொந்தக்காரர்கள் பெயரைச் சொல்லிக் களைத்துப்போன பிறகு ஒரு சிறுமி வருகிறாள். (முந்தைய வரைவுகளில் போஸ்ட்மேன்தான் கண்டுபிடித்தார். பிள்ளைகள் கதையில் பிள்ளையைக் கைகட்டி நிற்க வைப்பதும் தவறுதான்.) 'நீங்க உங்க சொந்தக்காரங்களையே சொல்றீங்க. தபால்பெட்டிக்கு யாரைத் தெரியும்?' என்று கேட்கிறாள். இருபது வருடம் அதன் பூட்டைத் திறந்து மூடிய பழைய போஸ்ட்மேன் தாத்தா, ஓய்வுபெற்றுச் சொந்த ஊர் போயிருக்கிறார். அவர் பெயரைச் சொல்கிறாள். விக்கல் நின்றுவிடுகிறது. தெருவே கைதட்டுகிறது. அன்று ராத்திரி முழுக்க எல்லோரும் அவரைப் பற்றியே பேசுகிறார்கள், அவரையே நினைக்கிறார்கள்.

மறுநாள் காலை, ஊரில் தாத்தாவுக்கு விக்கல்.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து வரைவு ஆனது. ஒவ்வொன்றையும் சத்தமாகப் படித்துக் காட்டி, சிரித்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டேன். புள்ளியே இல்லாத பக்கங்கள் போய்விட்டன. லட்டு மழை போயிற்று, பறக்கும் சைக்கிள் போயிற்று. பேசும் ஆட்டை மட்டும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அதற்கு வேறு கதை.