உள்ளூர்க் கடையில் நியாயமான விலைக்குச் செயின்சா வாங்குவது எப்படி?

மரம் அறுக்கும் இயந்திரமான செயின்சாவில் ஒரே மாடலுக்கு ஊரில் மூன்று கடைகள் மூன்று விலை சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் கடைக்காரரின் லாபக் கணக்கு அன்று. விலைக்குள் எதைச் சேர்த்திருக்கிறார், எதை வெளியே நிறுத்தியிருக்கிறார் என்பதே. ஒருவர் என்ஜினுக்கு மட்டும் விலை சொல்வார், இன்னொருவர் பாரையும் (செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடு) செயினையும் சேர்த்துச் சொல்வார், மற்றொருவர் ஜிஎஸ்டியைப் பில் போடும்போதுதான் எடுத்துரைப்பார். ஆகவே மாடலின் முழுப்பெயர், பாரின் நீளம், செயினின் வகை, உடன் தரும் பொருள்கள், வரி உட்பட மொத்தத் தொகை ஆகிய விவரங்களை ஒவ்வொரு கடையிலும் ஒரே வரிசையில் கேட்டு, முடிந்தால் கடையின் தாளிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அதுவரை பேரத்தைத் தொடங்காமல் இருப்பது நல்லது.

எடுத்துக்காட்டாக, முதல் கடை என்ஜினுக்கு 18,500 ரூபாயும், பாருக்கும் செயினுக்கும் 3,200 ரூபாயும், இவற்றுக்கு மேல் 18 சதவீத வரியும் சொல்கிறது. இரண்டாவது கடை எல்லாம் சேர்த்து 24,800 ரூபாய் என்கிறது எனக் கொள்வோம். காதில் விழும்போது முதல் கடைதான் மலிவு. கூட்டிப் பார்த்தால் அது 25,606 ரூபாய் ஆகிறது. இவை கணக்குக்காகச் சொன்ன எண்களே என்றாலும், பேச்சு நடக்கும் விதம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது.

கடைக்குப் போகும் முன் எந்த மரத்தை அறுக்கப் போகிறோம் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். சவுக்கு, சீமைக்கருவேலம், வேலியோரக் கிளைகள் போன்றவற்றுக்கு 30 முதல் 35 சிசி வரையிலான என்ஜினும் 14 அல்லது 16 அங்குலப் பாரும் தாராளமாகப் போதும். சாய்ந்த தென்னையையும் நடுத்தர வேம்பையும் அவ்வப்போது அறுக்கும் தோட்டக்காரருக்கு 45 சிசி அளவும் 18 அங்குலமும் பொருந்தும். பெரிய புளியையும் தைலமரத்தையும் நாள் முழுவதும் அறுத்துப் பிழைப்பவருக்குத்தான் 65 சிசிக்கு மேற்பட்ட கனமான இயந்திரம் தேவை. செயின்சா தயாரிக்கும் ஸ்டில் நிறுவனத்தின் வரிசையில் எம்எஸ் 180 என்பது 31.8 சிசி, எம்எஸ் 250 என்பது 45.4 சிசி, எம்எஸ் 382 என்பது 72.2 சிசி. சிறிய என்ஜினில் 22 அங்குலப் பாரை மாட்டி, பார்வைக்குக் கம்பீரமாக இருக்கிறது என்று கூடுதல் விலைக்குத் தரும் கடைகளும் உண்டு. அத்தகைய இணைப்பில் என்ஜின் திணறும், கிளட்ச் சூடேறித் தேயும், செயினுக்கு ஆயிலும் சரியாகப் போய்ச் சேராது.

பெயர் தெரியாத இறக்குமதி இயந்திரங்களில் சிசி எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. கையேட்டில் சிலிண்டரின் உள்விட்டமும் பிஸ்டன் நகரும் நீளமும் கொடுக்கப்பட்டிருந்தால் உண்மையான கொள்ளளவை நாமே கணக்கிடலாம். உள்விட்டம் 45.2 மில்லிமீட்டரும் நகர்வு 34 மில்லிமீட்டரும் என்றால், கிடைப்பது ஏறத்தாழ 54.6 சிசி, ஆனால் மேலே ஒட்டிய தாளில் 58 சிசி என்றிருக்கும். இத்தகைய இயந்திரம் ஆண்டுக்குச் சில நாள்கள் மட்டும் விறகு அறுப்பவருக்குப் பயன்படலாம் என்பதை மறுப்பதற்கில்லை. 58 சிசிக்கு உரிய விலையை அதற்குக் கொடுக்க வேண்டியதில்லை என்பதே இங்கே சொல்ல வருவது.

பேரம் பேசுவோர் பெரும்பாலும் கேட்க மறக்கும் விலை உதிரிபாகங்களின் விலை. இயந்திரத்தை ஒருமுறை வாங்குகிறோம், செயினையோ திரும்பத் திரும்ப வாங்குகிறோம். தென்னைக்கும் பனைக்கும் வெளிப்புறக் கட்டைதான் மிகக் கடினமானது. அதோடு தரையில் கிடக்கும் மரத்தில் ஒட்டிய மணலும் சேர்ந்து செயினின் பல்லை விரைவில் மழுங்கடித்துவிடும். ஆகவே ஒரு செயின், ஒரு பார், செயினைச் சுழற்றும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட், ஏர் ஃபில்டர், ஸ்டார்ட்டர் கயிறும் அதன் ஸ்பிரிங்கும், கார்ப்பரேட்டர் ஆகியவற்றின் விலையைக் கேட்டு, அவை அந்தக் கடையின் அலமாரியில் இப்போதே இருக்கின்றனவா என்று கண்ணால் பார்க்க வேண்டும். ஆர்டர் போட்டால் வந்துவிடும் என்ற பதில், அறுவடை நேரத்தில் இயந்திரம் வாரக்கணக்கில் முடங்கும் என்பதற்கான முன்னறிவிப்பு. செயினின் பல்லைத் தீட்டும் அரத்தின் விட்டத்தையும் கேட்டுப் பாருங்கள்: கண்ணிகளின் இடைவெளி அளவு (பிட்ச்) 0.325 அங்குலமான வகைக்கு 4.8 மில்லிமீட்டரும், பெரிய 3/8 அங்குல வகைக்கு 5.2 மில்லிமீட்டரும், சிறிய இயந்திரங்களில் வரும் தாழ்வான 3/8 வகைக்கு 4 மில்லிமீட்டரும் பொதுவான அளவுகள். இதைத் தயக்கமின்றிச் சொல்லத் தெரிந்த கடையில் பழுதுபார்க்கும் ஆளும் இருப்பார் என்று எதிர்பார்க்கலாம். அப்படிப்பட்ட கடைக்குச் சில நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுப்பதை நான் நஷ்டமாகக் கருதமாட்டேன்.

வாங்கும் காலமும் விலையைத் தீர்மானிக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தபோது அறுக்கும் இயந்திரத்துக்கும் அதை இயக்கத் தெரிந்தவருக்கும் ஏற்பட்ட கிராக்கியை அப்பகுதியினர் மறந்திருக்கமாட்டார்கள். அந்த நேரத்தில் பேரத்துக்கு இடமே இராது. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே வாங்கிவிடுவது நல்லது.

பேரத்தில் தொகையைக் குறைக்கச் சொல்வதைவிடப் பொருளைக் கேட்பது எளிதில் பலிக்கும். பெரிய நிறுவனங்களின் டீலர்களுக்கு இயந்திரத்தின் விலையில் குறைக்கக் கிடைக்கும் இடம் குறுகியது. கூடுதல் செயின், அரம், பெட்ரோலில் கலக்கும் 2டி ஆயில், செயின் ஆயில், முதல் சர்வீஸ் ஆகியவற்றில் அவர்கள் தாராளம் காட்ட முடியும். முகக்காப்புடன் கூடிய ஹெல்மெட்டையும் கையுறையையும் கேட்டுப் பெறுங்கள். லுங்கியும் ரப்பர் செருப்புமாக இந்த இயந்திரத்தைப் பிடிப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டதால் பல கடைகள் காப்புக் கருவிகளை வாங்கி வைப்பதே இல்லை. கேட்பவர் பெருகினால் வைப்பார்கள்.

பில் இல்லாமல் வாங்கினால் வரியைக் குறைத்துத் தருகிறேன் என்ற பேச்சுக்கு இணங்காதீர்கள். பில் இல்லையென்றால் வாரண்டியும் இல்லை, முறையிட ஆதாரமும் இல்லை. பெட்டியின் மேல் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலை எல்லா வரிகளையும் உள்ளடக்கியது. அதற்கு மேல் ஜிஎஸ்டி கேட்பது சட்டப்படி தவறு. இறக்குமதிப் பொருளாயின் இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் பெட்டியில் இருக்க வேண்டும். இயந்திரத்தின் உடலில் உள்ள வரிசை எண் பில்லிலும் வாரண்டி அட்டையிலும் ஒன்றுபோல் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கூலிக்கு அறுப்பவருக்கு வாரண்டிக் காலம் குறைவாக இருக்கலாம் என்பதால் அதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம் கொடுக்கும் முன் கடை வாசலிலேயே இயந்திரத்தை இயக்கிக் காட்டச் சொல்வது வாங்குபவரின் உரிமை. ஆக்ஸிலேட்டரை விட்டதும் செயின் நின்றுவிட வேண்டும். ஐட்லிங்கில் சுற்றிக்கொண்டே இருந்தால் சரிசெய்து தரச் சொல்லுங்கள். முன் கைப்பிடிக்கு எதிரே உள்ள காப்பை முன்னுக்குத் தள்ளியதும் செயின் பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாரின் நுனியை ஒரு வெள்ளைத் தாளுக்கு எதிரே, அதில் படாமல் பிடித்து வேகம் கூட்டினால், ஆயில் சிதறிக் கோடாக விழ வேண்டும். பெட்ரோலில் எவ்வளவு ஆயில் கலப்பது என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: ஸ்டில் இயந்திரத்தில் அந்நிறுவனத்தின் ஆயில் என்றால் லிட்டருக்கு 20 மில்லி, பிற 2டி ஆயில் என்றால் 40 மில்லி. ஆயில் கலக்காத பெட்ரோலால் பிஸ்டன் சிக்கிக்கொண்டால் வாரண்டி அதற்குப் பொருந்தாது.

பழைய இயந்திரமாயின், சைலன்சரைக் கழற்றி அந்தத் துளை வழியாகப் பிஸ்டனைக் காட்டச் சொல்லுங்கள். மேலிருந்து கீழாகக் கீறல் விழுந்திருந்தால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கிய கடை மீது, தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் தொழிலாளர் துறையிடம் முறையிடலாம். வாரண்டியை மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மிகாதபோது அந்த மனுவுக்குக் கட்டணம் கிடையாது.